இன்னும் ஒரே ஒரு நடை

கிட்ட வந்து உட்காருங்கள். பயந்தால் என்னைத் திட்டக் கூடாது, கேட்டது நீங்கள்தான்.

மணி ஏழேகால். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போகும் ரோட்டில் ஈ காக்காய் இல்லை. மூன்றாம் மாடியில் மட்டும் ஒரு விளக்கு. என் சிநேகிதியின் அக்கா வீட்டுக்காரர் அங்கே பிசியோ. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி ஏற்றிக் காலில் பலம் போன குழந்தைகளுக்கு மறுபடி நடை பழக்குவதுதான் வேலை. தங்கமான மனுஷன். ஆனால் தினமும் ஒரு பொய் சொல்வார்... இன்னும் ஒரே ஒரு நடை, அப்புறம் வீட்டுக்குப் போயிடலாம் என்று. குழந்தை இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு நடந்து முடிக்கும். உடனே இன்னொன்று கேட்பார். அந்தத் தொழிலில் எல்லாரும் சொல்கிற பொய்தான்.

எட்டு வயசுப் பெண் ஒருத்தி அதை அப்படியே நம்பினாள். பாதம் தூக்காது, காலில் பிளாஸ்டிக் தாங்கி மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடப்பாள். நோய் திரும்பி வந்தது. வீட்டுக்குப் போகாமலே போய்விட்டாள். அவருக்கு மனசு ஆறவே இல்லை.

அன்று ரூமைப் பூட்டப் போனவர், கம்பிகளுக்கு நடுவே கிடந்த பந்தை எடுக்க நுழைந்தார். பின்னால் சத்தம். டக்... சர்ர்ர். டக்... சர்ர்ர். பிளாஸ்டிக் தாங்கி தரையில் உரசுகிற சத்தம். ஸ்பிரிட் வாடை மூக்கை அடைத்தது. திரும்பினால் யாரும் இல்லை. கதவைப் பார்த்து நடந்தார். பத்தடிக் கம்பி... முடியவே இல்லை. குனிந்து வெளியே வரப் பார்த்தார். கம்பியும் கூடவே இறங்கியது. காதருகே குரல்.

"நான் முடிச்சிட்டேன் மாமா. வீட்டுக்குப் போறேன். நீங்க இன்னும் ஒரே ஒரு நடை..."

கதவு திறந்து மூடியது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒன்பது மணிக்கு அவரே அக்காவுக்குப் போன் போட்டு, ஒன்று விடாமல் சொல்லி அழுதார். நடந்து நடந்து கால் விட்டுப்போச்சு, யாரையாவது அனுப்பு என்று கெஞ்சினார்.

அக்கா போனில் வந்த பேரை மறுபடி பார்த்தாள். ஏனென்றால் அவர் எட்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பிட்டுவிட்டு, ஹாலில் மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"யாரு போன்ல?"

ஹாலிலிருந்துதான் கேட்டது. குரல் அவருடையதேதான்.

அக்கா எட்டிப் பார்த்தாள். மகள் அவர் மடியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கை அவள் கழுத்தைச் சுற்றி இருந்தது.

"ராங் நம்பர்," என்று சொல்லி, அக்கா போனை வைத்தாள்.