லூயிஸின் பெட்டியைத் தூக்காத சபை

தலைமை ஏற்றிருக்கும் பங்குச் சுவாமியவர்களே! தள்ளாமையிலும் தடியூன்றி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! எங்களைப் பெற்று, வளர்த்து, பொறுத்தும் வரும் தாய்மார்களே! மயிலாப்பூர்ச் சகோதரர்களே! சூசையப்பர் நல்மரண சபையின் தலைவன் பவுல்சாமி வணங்குகிறேன். மாலை வேண்டாம் என்றேன், போட்டுவிட்டீர்கள். கழுத்து கூசுகிறது. இதோ, கழற்றி வைக்கிறேன்.

நம் சபையின் வேலை என்ன? செத்தவரைச் சுமந்துபோய் அடக்கம் செய்வது. நம் சபையின் வழக்கம் என்ன? பெட்டியைத் தூக்குமுன் சாவு வீட்டார் செலவில் தொண்டை நனைப்பது! அழுகிற வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் தூக்குகிறவனுக்குச் சாராயம் வந்தாக வேண்டும். மதுவிலக்கென்று சர்க்கார் சாராயக் கடையை மூடிவிட்டது. நாம் வாயை மூடினோமா?

என்ன ஐயா, பின்னாலிருந்து? "கானாவூர் கலியாணத்துல ஆண்டவரே தண்ணிய திராட்ச ரசமாக்கினாரே, அது இன்னா?" என்கிறீரா? கேளும், நன்றாகக் கேளும்! ஆக்கினார். பூசையில் சுவாமியார் அருந்துவதும் ரசம்தான். ரசத்தை நான் பாவம் என்று சொல்லவில்லை, வெறியைச் சொல்கிறேன். கலியாண வீட்டின் மானத்தைக் காக்க அவர் கொடுத்தார். சாவு வீட்டின் மானத்தை வாங்க நாம் குடித்தோம்! சிலுவையில் அறையுமுன் வலி தெரியாதிருக்க நீட்டிய மதுவை அவர் மறுத்தாரே, அதை ஏன் ஐயா யாரும் கேட்பதில்லை?

கோபாலபுரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் லூயிஸ், குடித்துக் குடித்து ஈரல் கெட்டவர். கடைசி வருஷம் ஒரு சொட்டும் தொடவில்லை. சாகுமுன் மனைவி டோரதியிடம், "என்னத் தூக்கறவன் வாயில அந்த வாசன வரக்கூடாது" என்றாராம். அந்த அம்மாள் என்னிடம் வந்தார். "அண்ணே, இந்த ஒரு தபா குடிக்காம வாங்கண்ணே. அவருக்கு வாக்கு குடுத்துட்டேன்." ஆகட்டும் தங்கச்சி என்றேன். சபையாருக்கும் சொன்னேன். தலையாட்டினார்கள்.

அடக்கப் பூசை நடந்தது. சுவாமியார் பிரசங்கம் தொடங்கியதும் வழக்கம்போல் நம் ஆட்கள் நழுவினார்கள். எதற்கு? பீடிக்கு! பிரசங்கம் என்றால் பீடி என்று எந்த ஞானோபதேசத்தில் படித்தோம்? சிரிக்காதீர்கள், தாய்மார்களே, எங்களுக்குச் சுருக்கென்கிறது. பீடியோடாவது நின்றதா? மதில் மறைவில் திருட்டுச் சாராயமும் வந்தது. பூசை முடிந்ததும் உள்ளே வந்து பெட்டியில் கை வைத்தார்கள்.

டோரதியம்மாள் எழுந்து கிட்ட வந்தார். முகர்ந்தார். "கைய எடுங்க. அவர கொன்னதே இந்த வாசனதான். இதோட அவர அனுப்ப மாட்டேன்."

எடுத்தோம் கையை! யார் தூக்கினார்கள்? தாய்மார்கள் தூக்கினார்கள்! முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லறைவரை தூக்கினார்கள். மீசை வைத்த நாங்கள் பின்னால் நடந்தோம். வழியில் தன் கடை வாசலில் நின்ற மெஹபூப் பாஷா சாயபு என் கையைப் பிடித்து, "இன்னா நைனா, ஒங்க ஆம்பளைங்களுக்கு இன்னா ஆச்சு?" என்றார். வெட்கம், ஐயா, வெட்கம்! கையை உருவிக்கொண்டு நடந்தேன்.

நாளைக் காலை லூயிஸுக்கு முப்பதாம் நாள் பூசை. "ஒங்க சபை வர வேணாம்ணே" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் சுடுகிறது. ஆகவே தலைவனாகச் சொல்கிறேன்: இனிக் குடித்தவன் கை எந்தப் பெட்டியிலும் படாது. நாளை நாம் எல்லாரும் போவோம். கோயில் வாசற்படிக்கு வெளியே முழந்தாளிட்டுப் பூசை காண்போம். அந்த அம்மாள் கூப்பிட்டால் உள்ளே போவோம். கூப்பிடாவிட்டால் வெயிலில் அங்கேயே இருப்போம்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. நாங்கள் தூக்க வேண்டியவரைத் தூக்கிய தாய்மார்களே, உங்களுக்கு என் வணக்கம். நிமிர்ந்து சொல்ல முடியவில்லை.