எங்கள் வீட்டு எண்

எங்கள் வீட்டில் இன்னும் கம்பி போட்ட தொலைபேசிதான். விஸ்கான்சினில் இந்த ஏரியோரத்தில் பனிப்புயல் வந்தால் செல்போன் செத்துவிடும், இது சாகாது. என் மகள் டெலனி அதைக் கேலி செய்வாள்.

எங்கள் மருத்துவக் காப்பீடு என் பள்ளி வேலையில் வருவது. இருபத்தாறு வயதுவரை பிள்ளைகளும் அதிலேயே இருக்கலாம். அவள் காப்பீட்டு நிறுவனத்திடம் பேசி, தன் சிகிச்சை பற்றி எனக்கு ஒரு வரிகூட வராதபடி செய்திருந்தாள். கெட்டிக்காரி. ஆனால் மருந்துக்கடையை மறந்துவிட்டாள். சின்ன வயதில் அவள் காதுவலிக்கு மருந்து வாங்கியபோது நான் கொடுத்த வீட்டு எண்தான் இன்னும் அங்கே இருந்தது. ஒருநாள் கடையின் பதிவுசெய்த குரல் அழைத்து, டெலனியின் மருந்து தயார் என்றது.

காரிலிருந்தபடியே மருந்து வாங்கும் ஜன்னலுக்குப் போனேன்.

"டெலனிக்கா? பிறந்த தேதி சொல்லுங்க" என்றாள் ஜன்னலில் இருந்த கேய்லா.

"அன்னிக்கு வலியில கத்தினது நான்தானே, எனக்கா தெரியாது?"

சிரித்துக்கொண்டே மருந்தின் பெயரைப் படித்தாள். மனம் தலைகால் தெரியாமல் பறப்பதையும் பாதாளத்தில் விழுவதையும் தடுக்கிற மாத்திரை. டெலனியே வந்து வாங்கிக்கொள்வாள் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

எனக்குக் கோபமில்லை. வலித்தது, அவ்வளவுதான். நவம்பரில் நன்றி நவிலும் நாள் விருந்தில் பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி, "அவனுக்கு மறை கழண்டுடுச்சு" என்று நான் சொன்னதை மனதில் வைத்திருந்தாளோ என்னவோ. எல்லோரும்தான் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவள் வாங்கிவந்த பிறகு தேடிப்பார்த்தேன். மருந்துக் குப்பி அவளுடைய பனிக்காலணிக்குள் இருந்தது. மாத்திரைகளை என் மேசை இழுப்பறையில் கொட்டி வைத்துவிட்டு, குப்பியில் என் கால்சியம் மாத்திரைகளைப் போட்டேன். அதே வெள்ளை, ஏறக்குறைய அதே அளவு. மருந்து கேட்காவிட்டால் அம்மாவிடம் வந்துதானே ஆகவேண்டும்? அதன் பிறகு தொலைபேசி அழைக்கும்போதெல்லாம் புதுக்குப்பி வரப்போகிறது என்று தெரிந்துகொள்வேன்.

பிப்ரவரியில் அவள் தூக்கத்தை விட்டாள். சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தாள். ஓயாமல் பேசினாள், என்னோடு. சிறுபிள்ளையாக இருந்த பிறகு நாங்கள் அப்படிச் சிரித்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது.

மார்ச்சில் ஒரு மாலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்கிட்ட சொல்லாம மருந்து சாப்பிடுறேன். இப்ப அது வேலையே செய்யல. தலைக்குள்ள நிக்காம ஓடுது. எனக்குப் பயமா இருக்கும்மா."

"எங்கிட்ட மறைக்கலாமாடி?"

"தப்புதாம்மா. மன்னிச்சிடு."

தலையை என் மடியில் வைத்துக்கொண்டாள். முடியைக் கோதிவிட்டேன். நல்ல மாத்திரைகள் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தன, எழுந்து எடுத்துவந்திருக்கலாம். அந்த நேரத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

காலையில் அவள் காரை எடுத்துக்கொண்டு உறைந்த ஏரிமேல் போனாள். ஜனவரி என்றால் ஊரே அந்தப் பனிக்கட்டிமேல் வண்டி ஓட்டி மீன்பிடிக்கப் போகும். மார்ச்சில் பனிக்கட்டி இளகி உடையும், இங்கே பிறந்து வளர்ந்த யாரும் அப்போது போகமாட்டார்கள். கரையில் நின்றவர்கள் கத்தியிருக்கிறார்கள். அவள் கையசைத்தாளாம்.

அவள் கோட்டுப் பையில் கிடைத்த குப்பியை இந்தக் காவல் நிலையத்தில் என் முன்னால் வைத்துக் கேட்கிறீர்கள். ஆமாம், மாற்றியது நான்தான். ஒவ்வொரு முறையும். கால்சியத்தால் யாரும் செத்ததில்லை.

போன வாரம்கூட மருந்து தயார் என்று தொலைபேசி வந்தது. நிறுத்தச் சொல்லவில்லை, முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். கடைசியில் அவளாகவே வந்து என்னிடம் சொன்னாள், அதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் என் மகளுக்கும் நடுவில் இப்போது ஒளிவுமறைவே இல்லை.