மோலிக்குக் கடல் பழகிய விதம்

கடல் மீன் வளர்ப்பது பலரும் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. அவசரப்படாமல் இருந்தால் போதும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் என் தம்பி ராஜேந்திரன்தான்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் அந்தத் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். உங்களோடு வந்த கான்ஸ்டபிள் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். தட்டக் கூடாது, மீன் மிரளும். முதலில் அதில் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் இருந்தது. தங்க மீன்கள், கறுப்பு மோலிகள், கொஞ்சம் செடி. எண்பத்து மூன்றில் அதைக் கடல் தொட்டியாக மாற்ற வேண்டும் என்றான். திருவண்ணாமலையில் கடலுக்கு எங்கே போவது? ஜன்னலைத் திறந்தால் மலைதான் இருக்கிறது. பாண்டிச்சேரி பஸ்ஸில் பிளாஸ்டிக் கேன்களில் கடல் வந்து இறங்கியது.

அந்த ஆசை அவனுக்குத் தானாக வந்ததல்ல. அவனுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. பாண்டிச்சேரி எக்ஸ்சேஞ்சில் சந்திரகலா என்று ஒரு பெண். டிரங்க் கால் போட்டுக் கொடுக்கிற இடைவெளியில் பேசிப் பேசியே இருவரும் கல்யாணம்வரை வந்துவிட்டார்கள். முகத்தைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். கடல் மீனைப் பற்றிச் சொன்னவள் அவள். கேன்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டவளும் அவள். குறையாகச் சொல்லவில்லை. நல்ல பெண்.

தங்க மீன்களைப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் விட்டுவிட்டு மோலிகளை மட்டும் வைத்துக்கொண்டான். தினம் ஒரு சொம்பு நல்ல தண்ணீரை மொண்டு வெளியே கொட்டுவான். ஒரு சொம்பு கடல் தண்ணீரை உள்ளே ஊற்றுவான்.

"செத்துடாதாடா?" என்று கேட்டேன்.

"மொத்தமா ஊத்துனா செத்துடும்க்கா. கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனா அதுக்கே தெரியாது. ஒரு நாள் பாத்தா கடல்ல இருக்கும்."

செடிகள் அழுகின. நத்தைகள் கண்ணாடியில் ஒட்டியபடியே செத்தன. மோலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னைவிடப் பளபளப்பாகக்கூட இருந்தன. நான் தினமும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவனுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. ரத்த அழுத்தம், சிறுநீரகமும் பழுது என்றார் டாக்டர். உப்பை அடியோடு நிறுத்தச் சொன்னார். பாண்டிச்சேரிக்கு மாற்றல் உத்தரவு அதற்குள் கைக்கு வந்துவிட்டது. "வீக்கம் வடியட்டும், பிரஷர் இறங்கட்டும். அப்புறம் தாராளமா போங்க, கல்யாணம் பண்ணிக்குங்க" என்று அவன் தோளில் தட்டினார்.

என்னைப் பற்றியும் கேட்டீர்கள். கீழ்பென்னாத்தூரில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டில் ஒரு வருஷம்கூட நான் இருக்கவில்லை. திரும்பி வந்தபோது எங்கள் அம்மா செத்துப்போயிருந்தாள், ராஜேந்திரன் சின்னப் பிள்ளை. அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, வேலைக்கும் அனுப்பினேன். அவன் பாண்டிச்சேரிக்குப் போனால் நான் யாருக்குச் சமைப்பது? இதை அவனிடம் கேட்டேன். "நீயும் வந்துடுக்கா" என்றான். அவன் நல்லவன். ஆனால் அந்த வீட்டில் அடுப்பு அவளுடையதாக இருக்கும்.

எங்கள் வீட்டில் சமைக்கிறவர்கள் ருசி பார்ப்பதில்லை. முதல் சோறு அண்ணாமலையார் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். அதற்கு முன் நாக்கில் பட்டால் எச்சில். அதனால் உப்பு எப்போதும் கைக்கணக்குதான். அவனுக்குத் தனிச் சட்டியில் கஞ்சி, கீரை, மோர். அதில் என்ன இருக்கிறது என்பது என் கைக்கு மட்டும் தெரியும்.

உப்பில்லாத சாப்பாடு சீக்கிரமே பலன் கொடுத்தது. கால் வடிந்தது. அவன் சட்டைகளை மடித்து டிரங்குப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினான். அன்றைக்குத்தான் அவன் கஞ்சியில் ஒரு சிட்டிகை போட்டேன். ஒரே ஒரு சிட்டிகை. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அவசரப்படவில்லை.

ஒரே ஒரு தடவை கேட்டான். "அக்கா, உப்பு போட்டியா?"

"உப்பில்லாம தின்னு தின்னு உன் நாக்கு செத்துக் கெடக்குது. கீரையில இருக்கிற உப்பே உனக்கு ஜாஸ்தியா தெரியுது."

"அதானே பாத்தேன்" என்று சிரித்தான். "கலா கிட்ட சொல்லணும், எங்கக்கா கை பட்டா பத்தியச் சோறுகூட ருசிக்குதுனு. அவ வைக்கிற சாம்பாரை நெனச்சாத்தான் பயமா இருக்குது."

நானும் சிரித்தேன். அவன் என் பேச்சைச் சந்தேகப்பட்டதே இல்லை.

பாத்திரம் தேய்க்கிற காசியம்மாள் ஒரு நாள் மிச்சக் கஞ்சியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இன்னாம்மா இது, ஐயா கஞ்சி இப்படி கரிக்குது? கடலையே கரைச்சி ஊத்திட்டியா?" கை தவறிவிட்டது என்றேன். மறுநாளிலிருந்து மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினேன். சந்திரகலாவிடமும் உங்களிடமும் அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அவளை மிரட்டாதீர்கள், பிள்ளைக்குட்டிக்காரி.

கால் மறுபடி வீங்கியது. முகமும் வீங்கியது. டாக்டர் மாத்திரையை மாற்றினார், பிறகு கூட்டினார். பெட்டி மூடாமலே கிடந்தது. அவன் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். நான் கால் பிடித்துவிடுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது நல்ல காலம் என்றுதான் சொல்வேன். சாகட்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

கடைசி நாள் மதியம் சந்திரகலா வாடகைக் காரில் வந்து இறங்கினாள். அவனுக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரில பேசி வச்சிருக்கேன். இப்பவே கெளம்பலாம்."

"இன்னிக்கு அஷ்டமிம்மா. நோயாளியை வெளியூருக்குக் கெளப்புற நாளா இது? காலையில கூட்டிட்டுப் போ, நானே வழியனுப்புறேன்."

அவள் அவனைப் பார்த்தாள். "அக்கா சொல்றதும் சரிதான்" என்று அவனே சொன்னான். விடியற்காலையில் வருவதாகச் சொல்லி, அதே காரில் போய் லாட்ஜில் அறை எடுத்தாள். அஷ்டமி பொய்யில்லை. காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு வைத்த பிறகு அவன் தண்ணீர் கேட்டான். நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றான். ஒரு வாய் போதும் என்றான். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் கேட்பதைப் போலத் திரும்பத் திரும்பக் கேட்டான். ஆனால் டாக்டர் தண்ணீருக்கும் அளவு சொல்லியிருந்தார். அன்றைய அளவு மதியமே முடிந்துவிட்டது. அவன் கை தளர்கிறவரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை. அவன் உடம்பு விஷயத்தில் டாக்டர் பேச்சை நான் மீறினேன் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.