நாய்க்குப் போட்ட கோட்டிங்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் அறுபதைத் தாண்டிய ஒருவரும் அவருடைய மைத்துனரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“கார் வீலுக்கெல்லாம் செராமிக் கோட்டிங் போட்டிருக்கீங்களாமே மாமா, உப்புக்காத்துக்கா?”

“நாய்க்கு மச்சான்.”

மைத்துனர் சிரித்துவிட்டார்.

“தெருநாய் ஒண்ணு தெனம் காலைல வந்து முன் வீல்ல கால தூக்கிட்டுப் போவுது. வீலு அரிச்சிப்போச்சு. இந்தக் கோட்டிங் இருந்தா மூத்திரம் புடிக்காது, தண்ணி ஊத்துனா போயிடும்.”

“அதுக்கு வாசல் கேட்ட சாத்தி வச்சாலே போதுமே மாமா.”

“சாத்தலாம்.”

ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

“உங்கக்கா தவறுனதுலேந்து வூட்டுக்குத் தெனம் வர்றது அது ஒண்ணுதான்.”