வேர்க்காத கண்ணாடி

கார்க் கண்ணாடி உள்ளுக்குள் வேர்த்தால் கையால் துடைக்கவே கூடாது, ஐயா. எல்லாரும் விடுகிற பிழை அதுதான். கையில் இருக்கிற எண்ணெய் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு முறை வேர்க்கும்போதும் அந்தக் கோடு திரும்பத் திரும்ப எழும்பி வரும். இதை முதலில் சொல்லிவிட்டேன் என்றால் மற்றதெல்லாம் உங்களுக்கு லேசாக விளங்கும். என் வசனத்திலேயே எழுதச் சொன்னீர்கள். நான் எழுதினாலும் கதைக்கிற மாதிரித்தான் வரும், ஓடி ஓடி வரும், குறை நினைக்காதீர்கள்.

என் பெயர் கீர்த்திகன். வயது இருபத்து நான்கு. உடுவிலில் இருக்கிறேன். என்னிடம் ஒரு வெள்ளை யப்பான் கார் இருக்கிறது, என்னைவிட ஒரு வயது மூத்தது. கலியாண வீடுகளுக்கு மாப்பிள்ளை கார், பொம்பிளை கார் என்று ஓடுவேன். ஏசி வேலை செய்யாது. மற்றப்படி தங்கம்.

போன ஐப்பசிக்கு முதல் ஐப்பசியில்தான் எல்லாம் தொடங்கியது. பண்டத்தரிப்பில் ஒரு மாப்பிள்ளை. தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்துத் தோயவார்த்து, குளித்த தலை காயமுன்னமே தலைப்பாகையைக் கவிழ்த்து, நல்ல நேரம் போகுது போகுது என்று காருக்குள் ஏற்றிவிட்டார்கள். முன்னால் தோழன். பின்னால் மாப்பிள்ளையும் இரண்டு மாமிமாரும். மாமியின் மடியில் தண்ணீர் தெளித்த மாலைப் பெட்டி. வெளியே மழை. கண்ணாடியை இறக்கினால் பட்டு நனையுமாம், இறக்க விடவில்லை. யோசித்துப் பாருங்கள், ஈரத் தலை, ஈர மாலை, ஐந்து பேரின் மூச்சு, ஒரு பூட்டின கார். மண்டபத்து வாசலில் என் முன்னால் வெள்ளைச் சீலை விரித்ததுபோல ஆகிவிட்டது. குலையோடு கட்டியிருந்த வாழை மரத்தை அப்படியே சாய்த்துவிட்டேன். குலை காரின் முன்மூடியில், பொனற்றில், வந்து குந்தியது. மேளகாரர் அடியை நிறுத்தவேயில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

அதைத் தேனுஜன் வீடியோ எடுத்தான். அவன் என்னோடு படித்தவன், இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு, கலியாண வீடியோதான் அவனுக்கும் தொழில். எடுத்ததைத் தன் குரலோடு இணையத்தில் போட்டான்.

"உறவுகளே, கீர்த்தியின்ரை காரிலை ஏறுறதெண்டா ஒரேயொரு நிபந்தனை. உள்ளுக்கை மூச்சு விடக்கூடாது. மூச்சு விடாத மாப்பிள்ளை ஆரும் இருந்தா உடன தொடர்பு கொள்ளுங்கோ."

கனடாவிலிருந்து என் சொந்தப் பெரியம்மாவே சிரிப்புப் படம் போட்டிருந்தா. பேசி வைத்திருந்த மூன்று கலியாணங்கள் வேறு கார்களுக்குப் போயின. ஆனால் எனக்குக் கோபமில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு கார் ஏன் வேர்க்கிறது என்று என்னை யோசிக்க வைத்தவன் அவன்தான். நித்திரையே வரவில்லை, அவ்வளவு சந்தோசம். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், வேறு வேலை செய்யவில்லை.

முதலில் கால்மிதியைத் தூக்கினேன். கீழே இருந்த தடித்த துணி சோறு வடித்த கஞ்சித் துணிமாதிரி ஊறிக் கிடந்தது, ஒரே பூஞ்சணம். பின்பெட்டி மூடியின் ரப்பரில் விரல் போகிற ஓட்டை. அதை அடைத்தேன். உப்பை வறுத்துக் காலுறைகளுக்குள் போட்டேன். சிரட்டைக்கரியை இடித்து இன்னும் கொஞ்சக் காலுறைகளுக்குள் போட்டேன். அரிசி போட்டுப் பார்க்காதீர்கள், எலி வரும். முன்கண்ணாடிக்கு ஷாம்பூவில் ஒரு துளி பூசிப் பழைய பேப்பரால் தேய்த்தேன். பின்கதவுக் கண்ணாடிகளைத் தொடவில்லை. பூசினதுக்கும் பூசாததுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா? கதவுகளுக்குள்ளும் ஈரம் நிற்கும் என்று நான்கு உள்பலகைகளையும் கழற்றி வெயிலில் வைத்தேன். உள்கைபிடிகளும் கண்ணாடி சுற்றுகிற பிடிகளும் அதோடு வந்துவிட்டன. பிறகு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கலாம். உள்ளே வேலை செய்யும்போது ஒரு கதவை எப்போதும் திறந்தே வைத்திருப்பேன். நான் கவனமான ஆள்.

ஈரம் அளக்கிற சின்ன மீற்றர் ஒன்றும் வாங்கினேன். தொண்ணூற்றொன்றில் நின்றது ஐம்பத்தெட்டுக்கு இறங்கிய அன்று முற்றத்தில் ஆடினேன். அம்மா கிணற்றடியிலிருந்து, "உவனுக்கு விசர் முத்திப் போச்சு" என்றா.

கார்த்திகைக் கடைசியில் தேனுஜன் வந்தான். நல்ல மழை. அம்மா சாவகச்சேரியில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தா. மாமரத்தின் கீழ் நின்ற காரை எட்டிப் பார்த்தான்.

"என்னடா, காருக்கை கருவாட்டுக் கடை போட்டிருக்கிறியோ?"

"உப்பும் கரியும். இனி வேர்க்காது."

"ஆள் ஏறாட்டி வேர்க்காதுதான். மூச்சு விடுறவன் ஏறினா பேந்தும் உள்ளுக்கை மழைதான்."

"அப்ப நீயே ஏறன். நாப்பது நிமிசம். வேர்க்காட்டி அந்த வீடியோவைத் தூக்கிறாய்."

"வேர்த்தா?"

"கஜானியின்ரை கலியாணத்துக்குக் காசில்லாமச் சும்மா ஓடுறன்."

கஜானி அவனுடைய தங்கச்சி. அப்போதுதான் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சும்மாவோ? மச்சான், அப்ப பொம்பிளை மட்டுமில்லை, சமையல்காரரையும் உன்ரை காரிலைதான் ஏத்துவன்." சிரித்துக்கொண்டே பின்சீற்றில் ஏறினான். போனைத் திறந்து என்னிடம் நீட்டினான். "என்ரை போனிலையே எடு. அப்பதான் சனம் நம்பும்."

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. மூச்சு முட்டினால் வாய்க்குள் அடிக்கிற பம்ப் ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

"அதையும் தா. உள்ளுக்கை அடிச்சா அந்த ஆவியும் கண்ணாடியிலை படியும். அளவு பிழைச்சுப் போம்."

"மழைக்கு நெஞ்சு இழுக்குமடா."

"கேட்டா உடன தருவன்."

தந்தான். கதவைச் சாத்தினேன். குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

ஒன்பதாவது நிமிடத்தில் பின்கதவுக் கண்ணாடியின் கீழ் விளிம்பு மங்கியது. முன்கண்ணாடி பளிச்சென்று நின்றது, ஷாம்பூ ஒரு அற்புதம். பதினைந்தில் இருமினான், அந்தப் பூஞ்சணம் அவனுக்கு ஒத்துவரவில்லைப் போல. இருமிக்கொண்டே கண்ணாடியைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினான். அவன் வெல்கிறானாம். பதினெட்டில் சிரிப்பு நின்றது. நெஞ்சைத் தொட்டுக் கையை நீட்டினான். இருபதில் தட்டத் தொடங்கினான். முப்பத்தொரு தட்டு, எண்ணினேன். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று முதல் விசாரணையில் நான் சொன்னது சரியில்லை. இருபத்து நான்கில் விரலால் கண்ணாடியில் என்னவோ எழுதினான். வெளியிலிருந்து பார்க்க எழுத்தெல்லாம் திரும்பி நின்றது. இருபத்தேழில் கை கீழே வழுகிப் போனது.

முப்பத்தொன்றில் கண்ணாடி தெளியத் தொடங்கியது, ஐயா. மேலிருந்து கீழே, மெல்ல மெல்ல. ஆறு கிழமை வறுத்த உப்பு தன் வேலையைச் செய்கிறது. எனக்கு வந்த சந்தோசத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குடையை எறிந்துவிட்டு மழைக்குள் காரைச் சுற்றி ஓடினேன். அந்த வீடியோவில் என் மூச்சிரைப்பு கேட்கும்.

நாற்பதாவது நிமிடம் கதவைத் திறந்து, "பாத்தியோ மச்சான்" என்றேன்.

பிறகு செய்ததெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். பம்பை அவன் பையில் வைத்தேன். அவன் போனிலிருந்து வாழைக்குலை வீடியோவைத் தூக்கினேன், பந்தயம் பந்தயம்தானே. புதியதை எனக்கு அனுப்பிவிட்டு அவன் போனில் அழித்தேன். கதவுப் பலகைகள் நான்கையும் கைபிடிகளோடு திரும்பப் பூட்டினேன். பலகை இல்லாத கலியாணக் காரை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது அழகில்லை. அதற்குப் பிறகு கொண்டுபோனேன். மழைக்குக் காருக்குள் இருந்தவன் அப்படியே நித்திரையாகிவிட்டான் என்று சொன்னேன். மரண விசாரணையில் தொய்வு என்று முடித்தார்கள்.

அவன் அம்மா உதயகலா அன்ரி என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு ஆட்கள் இருக்க நான்தான் கதிரை இறக்கினேன். ஆண்டுத் திவசத்துக்கும் போனேன். அது முடிந்து தையில் கஜானியின் கலியாணம் வந்தபோது அன்ரி எல்லாருக்கும் முன்னால் சொன்னா: "என்ரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினவன். அவன்ரை கார்தான் வரவேணும்."

நான் சும்மாதான் ஓடினேன். வென்றவன் நான்தான், என்றாலும் ஓடினேன். அந்த ஒரு வருடமும் கார் ஒரு முறைகூட வேர்க்கவில்லை. பின்கதவுக் கண்ணாடிகளின் உட்பக்கத்தை நான் தொடவுமில்லை. அதுதான் என் முறை, ஆரம்பத்திலேயே சொன்னேன். கலியாணத்தன்று மட்டும், "பொம்பிளை காருக்கை உந்தக் கரிக் காலுறையள் வேண்டாம் தம்பி, மணக்குது" என்று அன்ரி சொன்னதால் எடுத்துவிட்டேன்.

விடியப் பனி. பாலறுகு வைத்துத் தோய்ந்த தலையோடு கஜானி, பக்கத்தில் அன்ரி, மடியில் பூத்தட்டு. பூ பறக்கும் என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்கள். சந்தி திரும்பும்போது பின்னால் குரல் கேட்டது.

"கீர்த்தி அண்ணை, உதென்ன எழுத்து?"

"ஆரும் சின்னனுகள் கிறுக்கியிருக்குமடி," என்றா அன்ரி.

"இல்லையம்மா. உது எங்கடை அண்ணையின்ரை எழுத்து."

கலியாண அல்பம் எல்லாவற்றிலும் பெயர் எழுதுகிறவன் அவன்தான். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? உள்ளே இருந்து பார்த்தால் எழுத்து நேராகத்தான் நிற்கும். வாசித்தாள்.

"தோத்திட்டன் திற."

கஜானி தன் போனில் அதைப் படம் எடுத்தாள். பிறகு என் பின்தலையைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"என்னத்திலை தோத்தவன், அண்ணை?"

நான் மண்டபத்துக்கு ஒழுங்காக ஓட்டிக்கொண்டு போனேன். இந்த முறை வாழை மரத்தில் முட்டவில்லை. தாலி ஏறிய பிறகு, கூறைச் சீலையோடேயே அவள் பொலிசுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். நல்ல பிள்ளை.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி, அன்று அதை வாசித்தேனா என்று. வாசித்தேன், ஐயா. திரும்பி நின்றாலும் தமிழ்தானே. இருபத்து நாலாவது நிமிடம், பம்ப் என் இடது கையில் இருந்தது. ஆனால் அவன் எழுதியது பொய். அந்த நேரம் கண்ணாடி முழுக்க ஈரம், அவன் தோற்கவில்லை, வென்றுகொண்டிருந்தான். பொய் சொல்லி எனக்கு விட்டுத்தருகிற வெற்றியை நான் எப்படி வாங்குவது? அது உண்மையாகும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.