நூற்றொன்றாவது பெயர்

இந்த நாற்காலி முதுகுக்கு நன்றாக இருக்கிறது, சார். இப்படி ஒன்று கேட்டு எங்கள் மில்லில் மூன்று வருடம் எழுதிப் போட்டேன்; வந்தபாடில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காகித மில்லின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அது ஒரே கம்ப்யூட்டரில் இருப்பதில்லை, ஏழு சர்வர்களில் பரவிக் கிடக்கும். கூட்டுக் குடும்பம் மாதிரி, ஒருவர் படுத்துவிட்டாலும் அடுத்தவர் பதில் சொல்லிவிடுவார். பழுது பார்க்க யாராவது இயந்திரத்துக்குள் இறங்கினால், அந்த இயந்திரத்தின் பெயரில் டேட்டாபேஸில் ஒரு டேபிள் திறக்கும், உள்ளே போனவர்களின் பெயர் ஏறும் அட்டவணை. வெளியே வந்ததும் அழியும். இயந்திரத்தை ஓட்டும் முன் கட்டுப்பாட்டு அறையில் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டுவார்கள். இருக்கிற டேபிள்களின் பெயரெல்லாம் அகர வரிசையில் வரும். இயந்திரத்தின் பெயர் அதில் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். முன்பெல்லாம் இயந்திரத்தின் ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு இறங்குவார்கள். சாவி தொலைகிறது என்று அதை நிறுத்திவிட்டு என் பட்டியலை நம்பினார்கள்.

அந்தக் கட்டளை ஒரு தடவைக்கு நூறு பெயர்தான் காட்டும். மீதி இருந்தால் கடைசியில் நீளமாக ஒரு குறியீடு வரும். அதைச் சேர்த்து மறுபடி தட்டினால்தான் அடுத்த பக்கம். எங்களிடம் கணக்கு, சம்பள டேபிள்களையும் சேர்த்தே எழுபதைத் தாண்டியதில்லை. அதனால் அடுத்த பக்கம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் தங்கையின் புருஷன் அங்கே ஃபிட்டர். தொட்டதற்கெல்லாம் கை ஓங்குகிறவன். முதலில் கன்னம், பிறகு விலா எலும்பு. போன வருடம் தாடையை உடைத்தான். ஆறு வாரம் வாயைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பல்லைத் திறக்காமலே, "அடிக்கிற கைதான்ணா அணைக்கும்" என்றாள். அந்தக் கையைத் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும் என்று அன்றே ஆசைப்பட்டேன். ஆசைப்படுவது குற்றமில்லையே.

ஒரு வாரத்தில் நாற்பது வெற்று டேபிள்களைத் திறந்தேன். எல்லாப் பெயரும் 'அ'வில் தொடங்கும். மரம் நொறுக்கும் உருளையின் பெயர் வரிசையில் கடைசிப் பக்கமாக வருவது. அது நூற்றைத் தாண்டிப் போய்விட்டது.

கட்டுப்பாட்டு அறை அக்கா கெட்டிக்காரி. அன்றைக்கே போனில் கேட்டார்.

"தம்பி, பட்டியலுக்கு அடியில என்னமோ நீளமா வருதே, அது என்னப்பா?"

"அது சும்மா வர்றதுதான்க்கா. கண்டுக்காதீங்க."

அவ்வளவுதான். நான் யார் மேலும் கை வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை உருளைக்குள் தேய்ந்த கத்திகளை மாற்ற இறங்கினார்கள். நான் என் இடத்தில் உட்கார்ந்து முழுப் பட்டியலையும் எடுத்தேன், இரண்டாம் பக்கம் வரை. உருளையின் டேபிளில் மூன்று பேர். மாப்பிள்ளையோடு இன்னும் இருவர். ஒருவருக்குப் போன மாதம்தான் பெண் குழந்தை. எனக்கும் மிட்டாய் கொடுத்தார். போன் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவர்களாக அவனோடு இறங்கியதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பத்தரைக்கு அக்கா கட்டளையைத் தட்டினார். நூறு பெயரையும் படித்தார். உருளை இல்லை. பொத்தானை அழுத்தினார்.

நான் அதற்கு முன்பே கீழே போய் நின்றிருந்தேன். முதலில் உள்ளிருந்து ஸ்பேனரால் தட்டினார்கள். பிறகு குரல்கள். பிறகு ஈரத் துணியை அடித்துத் துவைப்பது போல ஒரு சத்தம். நான்கு நிமிடம் ஓடியது. மறுமுனையில் சக்கை சிவப்பாக வந்து விழுந்தது. முழுதாக வந்தது ஒரு தொப்பி மட்டும்தான். சக்கையில் அவன் கை எது என்று எவ்வளவு தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பட்டியல் பொய் சொன்னதாக உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்துங்கள். பட்டியல் ஒன்றையும் மறைக்கவில்லை. அக்காவையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பாவம்.

தங்கை எப்போது என் வீட்டுக்கு வந்தாள் என்று கேட்டீர்கள். அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள் சாயங்காலமே பெட்டியோடு வந்துவிட்டாள். "இனி செத்தாலும் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்ணா" என்றாள். விவாகரத்துக்கு வக்கீலைக்கூடப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். எனக்கு அவ்வளவு நிம்மதி, சார்.

அந்த நாற்பது டேபிளை அழிப்பது ஒரு நிமிட வேலைதான். ஆனால் அவளுக்காக அவ்வளவு பாடுபட்டுவிட்டு, நான் எப்படி அழிப்பேன்?