கண்ணீருடன் வழியனுப்பும் நண்பர்கள்

— யோவ் அன்பு, நீ உசுரோட தானய்யா கீற?

— இன்னாமே கிறிஸ்டினா, பொண்டாட்டி புருசன பாத்து கேக்கற கேள்வியா இது? எதுர்லயே குந்திகினு இட்லி துன்னுகினு கீறேன்.

— அப்ப ஆரம்பாக்கம் ஸ்டேஷனாண்ட உன் மூஞ்சிய போட்டு எதுக்கு அந்த மாதிரி பேனரு கட்டிகீது? சுத்தி கறுப்பு பார்டரு. ரெண்டு பக்கமும் மெழுகுவத்தி எரியுது. கீழ கொட்ட எழுத்துல, ‘கண்ணீருடன் வழியனுப்பும் நண்பர்கள்’.

— சரியா தான போட்டுகீறாங்க? வெளிநாடு போறவன கண்ணீரோட தான வழியனுப்புவாங்க?

— எந்த நாடுன்னு போடலியே! நீ வேலைக்கி போற போலந்து பேர எங்கியுமே காணோம். மேல பாத்தா ‘அமைதிப் பயணம்’னு கீது. பக்கத்து தெரு அஞ்சம்மா அக்கா மாரடிச்சிகினு நம்ம தெருமுன வரைக்கும் வந்துட்டாங்க. ‘இருக்காருக்கா, பல்லு வெளக்கிகினு கீறாரு’ன்னு சொல்லி திருப்பி அனுப்பிச்சேன்.

— அழுதாங்களா?

— ஏங்கி ஏங்கி அழுதாங்க.

— தங்கமான மனசு அவங்களுக்கு. அன்னிக்கி போலந்து பாஷையில ‘ஜென் டோப்ரி’ன்னு வணக்கம் சொன்னேன், கெட்ட வார்த்த சொல்றான்னு தொடப்பத்த தூக்குனாங்க. உள்ளுக்குள்ள பாசம் இருந்துகீது பாரேன்.

— பேச்ச மாத்தாத. அந்த பேனரு எப்படி வந்துச்சி?

— அத்த உடு. பேனரு அடிக்கற விமலு கடயில எந்நேரமும் கூட்டம். சாவு பேனரு டிசைன் கம்ப்யூட்டர்ல தெறந்து கெடந்திருக்கும், அதுல என் போட்டோவ ஒட்டிட்டான் போல. ஆனா ஒண்ணு கிறிஸ்டினா, இத்த சும்மா நெனைக்கக் கூடாது. கர்த்தர் ஏதோ அடையாளம் காட்றாரு.

— கர்த்தரு விமலு கடயில ஆர்டர் குடுத்தாரா?

— ஏன் அப்படி பாக்கற?

— நான் விமல பாத்துட்டு தான் வரேன். ‘அண்ணன் தான் அண்ணி, எம்பக்கத்துல குந்திகினு சொல்லிக் குடுத்தாரு. மெழுகுவத்திய இன்னும் கொஞ்சம் பெருசாக்குடான்னாரு’ங்கறான்.

— துரோகி! டீயும் பஜ்ஜியும் வாங்கிக் குடுத்தேன்மே அவனுக்கு.

— ஏன்யா, எவனாச்சும் தனக்கே சாவு பேனரு அடிப்பானா?

— நீ பாத்துட்டு பதறிப்போய் ஓடியாருவ, ‘வேணாய்யா, போவாத’ன்னு சொல்லுவன்னு பாத்தேன். ஒரு வாட்டி கூட சொல்லலியே நீ.

— எப்படி சொல்லுவேன்? இந்த வெயில்ல ஜெர்கின மாட்டிகினு கண்ணாடி முன்னாடி நின்னது யாரு? காட்டுப்பள்ளி கப்பல் பட்டறையில உன்கூட வெல்டிங் அடிக்கறவனுக்கெல்லாம் ஐஸுக்கு நடுவுல கப்பல் நிக்கற போட்டோவ அனுப்பிச்சது யாரு?

— ஆச இல்லன்னு சொல்லல. இப்பவும் கீது. அந்த ஊரு கப்பல் பட்டறைய ஒரு வாட்டி கண்ணால பாத்துடணும். ஆனா டிக்கெட்டு கைக்கு வந்ததுல இருந்து போவ மனசு வரலமே. நேத்து கும்மிடிப்பூண்டி ரயில்ல எவனோ என் கால மிதிச்சான். மிதிச்சிட்டு அவனே என்னிய திட்றான், ‘இன்னா நைனா, கால வூட்லயே வெச்சிட்டு வர்றதுக்கு இன்னா’ன்னு. எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சி. அங்க போனா இப்படி உரிமையா எவன் திட்டுவான்?

— கால மிதிச்சா எல்லாருக்கும் தான் கண்ணுல தண்ணி வரும்.

— சிரிக்காதமே. நீ நெத்திலி கருவாடு வறுக்கசொல்ல பக்கத்தூட்டு சோனியா ஜன்னல பட்டுன்னு சாத்துவாளே, அந்த சத்தம் கூட எனக்கு வேணும் போல கீது. உன்ன உட்டுட்டு என்னால இருக்க முடியாது கிறிஸ்டினா. அவ்ளோ தான், சொல்லிட்டேன்.

— இத்த மொதல்லியே சொல்ல வாயில்லியா?

— எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றது? ஊரு பூரா பீத்திகினாச்சி. ஏஜென்ட் தணிகாசலம் வேற பேஜாரு புடிச்ச ஆளு. வர மாட்டேன்னா ஊட்டாண்டயே வந்து குந்திக்குவாரு. இப்ப நீ சொல்லு. போவட்டா, வேணாமா?

— மொதல்ல இட்லிய துன்னு.

— சொல்லுமே.

— உன் கொறட்ட சத்தம் கேக்கலன்னா எனக்கு தூக்கமே வராது. அந்த பேனர பாத்ததும் எனக்கு ஒரு நிமிசம் நெஞ்சே நின்னு போச்சிய்யா. போவாத. போதுமா?

— போதும்மே, போதும்! ஆனா தணிகாசலத்துக்கு இன்னா சொல்றது? கீழ உழுந்து கால் ஒடிஞ்சிடுச்சின்னு உட்டுப் பாக்கலாமா?

— அவருக்கு நீ ஒண்ணும் சொல்ல வேணாம். விமலு கடைக்கு போறதுக்கு முன்னாடியே பேனர போட்டோ புடிச்சி அந்தாளுக்கு அனுப்பிட்டேன், மாலையோட வந்துகினு கீறாரு, நீ கைய கழுவிட்டு போய் ஆடாம அசையாம படு.